பேச்சுவார்த்தை மாமாவின் வெளிநடப்பு

உலகத்தில் இனி நடக்கப்போகிற எல்லாப் போர்களையும் நிறுத்தும் தகுதி படைத்த ஒரே மனிதர், மயிலாப்பூரில் எங்கள் அபார்ட்மென்ட்டின் இரண்டாவது மாடியில் வாடகைக்குக் குடியிருந்தார். நான் மிகைப்படுத்துவதாக நினைப்பவர்கள், கோடைக்காலத்தில் தண்ணீர் லாரி வந்து நின்ற நேரத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலை எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். அந்தச் சண்டையை நிறுத்தத் தெரிந்தவருக்கு ஏவுகணையெல்லாம் ஒரு விஷயமே இல்லை.

அவர் பெயர் என்ன என்று கேட்காதீர்கள். வாடகை ஒப்பந்தத்தில் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் பேச்சுவார்த்தை மாமா. கிண்டியில் ஒரு தொழிற்சாலையில் பர்சனல் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். முதலாளிக்கும் தொழிற்சங்கத்துக்கும் நடுவில் உட்கார்ந்து போனஸ் பேச்சுவார்த்தை நடத்தியே தலை வழுக்கையானவர். வேலை விட்ட பிறகும் அந்த வார்த்தை அவரை விடவில்லை. பால் பாக்கெட் ஒழுகினால்கூட, "பால்காரனோட ஒரு பேச்சுவார்த்தை வச்சுண்டா சரியாப் போயிடும்" என்பார். காய்கறிக்காரம்மாவிடம் பேரம் பேச மாட்டார். முதல் கட்டப் பேச்சுவார்த்தை நடத்துவார். முருங்கைக்காய் விஷயத்தில் அது மூன்றாம் கட்டம் வரை போனதை நானே பார்த்திருக்கிறேன்.

கட்டடத்தில் எங்காவது குரல் உயர்ந்தால் போதும், மாமா இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். வீடு பற்றி எரிந்தாலும் அந்தச் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டுத்தான் வெளியே வருவார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "பனியனோட போனா நானும் ஒரு கட்சின்னு நெனச்சுடுவா. சட்டையோட போனாத்தான் நடுவர்" என்றார். இப்படிப்பட்ட சட்டங்கள் அவரிடம் நிறைய இருந்தன. அத்தனையும் சிரிப்புக்கு இடமானவை. அத்தனையும் வேலை செய்தன, அதுதான் எரிச்சல்.

தரைத்தளத்து சேதுராமனுக்கும் முதல் மாடி நடேசன் அண்ணாச்சிக்கும் நடந்த யுத்தத்தைச் சொல்ல வேண்டும். சேதுராமன் வங்கி மேலாளராக இருந்தவர். அண்ணாச்சிக்குத் தி.நகரில் ஜவுளிக்கடை. அண்ணாச்சி வீட்டுக் குளியலறைத் தண்ணீர் சேதுராமன் வீட்டுப் பூஜை அறையில் சொட்ட ஆரம்பித்தது. அபிஷேகத்துக்குப் பெருமாளே ஏற்பாடு செய்துகொண்டார் என்று நான் சொன்னது சேதுராமனுக்குப் பிடிக்கவில்லை. இரண்டு வீடும் வக்கீல் பார்க்கத் தொடங்கின. அப்போதுதான் மாமா சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்கினார்.

எடுத்த எடுப்பில் இருவரையும் ஒருவரை ஒருவர் பார்க்கவே விடவில்லை. அவரை அவர் வீட்டிலும் இவரை இவர் வீட்டிலும் உட்கார வைத்துவிட்டு, மாமா மாடிப்படியில் ஏறி இறங்கினார். "அந்த ஜவுளிக்கடைக்காரனுக்கு நாகரிகம்னா என்னன்னு தெரியுமா சார்?" என்று சேதுராமன் கத்துவார். மாமா மேலே போய், "உங்க கடையைப் பத்தி ரொம்ப விசாரிக்கறார்" என்பார். "அந்த ஆளு பேங்க்ல இருந்தப்ப எத்தனை பேரு வயித்துல அடிச்சாரோ!" என்று அண்ணாச்சி சீறுவார். மாமா கீழே வந்து, "பேங்க்ல நீங்க இருந்த காலத்தை இன்னிக்கும் ஞாபகம் வச்சுண்டிருக்கார்" என்பார். ஒரு வார்த்தை பொய் கிடையாது. ஆனால் அந்த மாடிப்படியில் ஏறும்போது விஷமாக இருந்த வார்த்தை, இறங்கும்போது பாயசமாக மாறியிருக்கும்.

கடைசியில் மாமா தன் வீட்டுக் கூடத்தில் இருவரையும் நேருக்கு நேர் உட்கார வைத்தார். கால் மணி நேரத்தில் அண்ணாச்சி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். மாமா தடுக்கவில்லை. "தாராளமாப் போங்கோ. கார் சாவியை மட்டும் இந்த மேசை மேல மறந்துட்டுப் போங்கோ" என்றார். அண்ணாச்சி குழம்பிப்போய் சாவியை வைத்துவிட்டுப் போனார். கடைக்குக் கிளம்பச் சாவி வேண்டுமே, திரும்பி வந்தார். வந்தவரை மாமா, "காபி ஆறிண்டிருக்கு" என்று உட்கார வைத்தார். மறுநாள் பிளம்பர் வந்தான். இருவரும் அதன் பிறகு நண்பர்கள் ஆனார்கள் என்று நினைக்காதீர்கள். லிஃப்ட் வாசலில் எதிர்ப்பட்டால் ஒருவர் கூரையையும் ஒருவர் தரையையும் பார்ப்பார்கள். ஆனால் வக்கீல் வீட்டுப் பக்கம் போகவில்லை. மாமாவுக்கு அது போதும்.

இந்த 'மறந்து வைத்துவிட்டுப் போகிற' சட்டம்தான் அவருடைய வேதம். கோபித்துக்கொண்டு எழுந்து போகிறவன் எதையாவது விட்டுவிட்டுப் போக வேண்டும். சமாதானமாகப் போக யாருக்கும் மானம் இடம் கொடுக்காது. மறந்த பொருளை எடுக்க வருவதற்கு மானம் குறுக்கே நிற்காது. இதை நம்பி நானும் ஒருமுறை, மனைவியோடு சண்டை போட்டுவிட்டு வெளியே போகும்போது செல்போனை மேசை மேல் வைத்துவிட்டுப் போனேன். அவள் அதைத் திறந்து படித்ததில் சண்டை இன்னொரு வாரம் நீண்டது. மாமாவிடம் முறையிட்டேன். "வைக்கற பொருளை யோசிச்சு வைக்கணும் சார்" என்றார்.

இந்த ஞானம் அவருக்கு வந்தது கரீம் பாயிடமிருந்து. கரீம் பாய் அதே தொழிற்சாலையில் தொழிற்சங்கத் தலைவராக இருந்தவர், ராயப்பேட்டைக்காரர். ஒரு போனஸ் பேச்சுவார்த்தையில், "இனிமே ஒங்களோட பேச்சே கெடையாது" என்று மேசையைத் தட்டிவிட்டு வெளியேறியிருக்கிறார். பஸ் ஸ்டாப் வரைக்கும் போன பிறகுதான் மூக்குக்கண்ணாடி மேசையிலேயே இருப்பது தெரிந்தது. வருகிற பஸ்ஸின் நம்பர் தெரியவில்லை. கெத்தை விடாமல் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். கண்ணாடியை எடுக்கக் குனிந்தவரிடம் மாமா டீ நீட்டினார். அன்று சாயங்காலம் ஒப்பந்தம் கையெழுத்தானது. வேலைநிறுத்தம் நடக்கவில்லை. அந்த இருவரும் அன்றிலிருந்து ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்ளாமல் ஒரு வாரம்கூட இருந்ததில்லை. அப்படி ஒரு சிநேகம்.

இப்படி எங்கள் தெரு அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடிய காலத்தில்தான், பக்கத்து நாட்டோடு சண்டை மூண்டது.

அந்த வாரம் எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியும், நீங்களும் டிவி பார்த்திருப்பீர்கள். எல்லையில் விழுந்ததைவிட அதிக குண்டுகள் எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் விழுந்தன. மோட்டார் ரிப்பேர் பற்றி ஒரு வார்த்தை எழுதாதவர்களெல்லாம் எந்த ஊரை முதலில் தரைமட்டமாக்க வேண்டும் என்று எழுதினார்கள். வெடிச்சத்தம் கேட்டால் தீபாவளிக்கே ஜன்னலைச் சாத்திக்கொள்ளும் சேதுராமன், "இந்தத் தடவை விடக் கூடாது" என்று எழுதினார். அதற்கு அண்ணாச்சி கட்டை விரல் போட்டார். முதல் மாடி தரைத்தளத்தை ஆமோதித்தது கட்டட வரலாற்றிலேயே அதுதான் முதல் தடவை.

மாமா மட்டும் கையைப் பிசைந்துகொண்டு என் வீட்டுக்கு வந்தார். இரண்டு நாடும் தூதரக ஆட்களைத் திருப்பி அனுப்பிவிட்டதாகச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது.

"பாத்தீரா சார்? தூதரையும் அனுப்பிச்சுட்டா. பஸ், ரயில், தபால், கிரிக்கெட், எல்லாத்தையும் எடுத்துண்டு எழுந்து போயிட்டா. ரெண்டு பக்கமும் மேசை மேல ஒண்ணுமே வைக்கலையே! இவா எதைச் சாக்கு வச்சுண்டு திரும்பி வருவா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

மறுநாள் அவர் ஓர் அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதினார்: 'இரு நாடுகளும் பேச வேண்டும். இன்றே பேச வேண்டும்.' சாயங்காலம் தெப்பக்குளத்து மூலையில் அதைப் பிடித்துக்கொண்டு நிற்பதாகத் திட்டம். கோஷம் கிடையாது, பேச்சு கிடையாது, சும்மா நிற்பது. அபார்ட்மென்ட்டில் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டார். வெற்றிலை பாக்கு ஒன்றுதான் பாக்கி. சேதுராமன் வீட்டில், "பிரஷர் இருக்கு" என்றார்கள். அண்ணாச்சி வீட்டில், "கடையில சரக்கு வருது" என்றார்கள். மாமாவால் விவாகரத்து தவிர்க்கப்பட்ட தம்பதி ஒன்று மூன்றாம் மாடியில் இருந்தது. அவர்கள் கதவையே திறக்கவில்லை. உள்ளே இருவரும் ஒற்றுமையாக மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்கள்.

கரீம் பாய் நிச்சயம் வருவார் என்று போனைப் போட்டார். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

"நான் வரல சார்."

"ஏன் பாய்? உமக்குமா பிரஷர்?"

"இன்னா சார் தெரியாத மாரியே கேக்குற? நீ அட்டய புட்ச்சிக்கினு நின்னா லூசுன்னு சொல்லுவாங்க. நான் நின்னா இன்னா சொல்லுவாங்கன்னு உனுக்குத் தெரியாது? என் பேரன் காலேஜுக்குப் போய்க்கினு கீறான் சார். நான் வூட்லயே நின்னுக்கிறேன். நெனச்சுக்கினு நிக்கிறேன், போ."

மாமா போனை வைத்தார். "அவர் சொல்றது சரிதான்" என்று மட்டும் சொன்னார். சரியாக இருந்ததுதான் வயிற்றெரிச்சல்.

ஆக, தெப்பக்குளத்து மூலையில் உலக சமாதானத்துக்காக இஸ்திரி சட்டையோடு அவரும், அவருக்குத் துணையாக நானும் நின்றோம். முதலில் ஓர் ஆட்டோக்காரர் வண்டியை ஓரங்கட்டி, "இன்னா சார், பேச்சுப் பயிற்சி க்ளாஸா? ஃபீஸ் எவ்ளோ?" என்றார். மாமா விளக்கினார். "அவன் அட்ச்சா நாம சும்மா இருக்கணுமா?" என்று ஆட்டோக்காரர் கேட்டார். "அடிக்கக் கூடாதுன்னு நான் சொல்லலை நைனா. அடிச்சுண்டே இருக்க முடியாது, என்னிக்காவது உட்கார்ந்து பேசித்தான் ஆகணும், அதை இன்னிக்கே பேசுங்கோன்னு சொல்றேன்" என்றார் மாமா. ஆட்டோக்காரர் யோசித்துவிட்டு, "கரீட்டுதான். ஆனா நீ சொன்னா எவன் சார் கேப்பான்?" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அன்று எங்களோடு மரியாதையாக வாதாடிய ஒரே ஆள் அவர்தான்.

மற்றவர்கள் வாதாடவில்லை. கோயிலுக்குப் போய்விட்டு வந்த ஒருவர் குங்குமம் காயாத நெற்றியோடு, எழுதக்கூடாத ஒரு வார்த்தையால் மாமாவைத் திட்டினார். பைக்கில் வந்த இரண்டு இளைஞர்கள் வீடியோ எடுத்தார்கள். "பெருசு, உனக்கு அந்த ஊரு அவ்ளோ புடிக்குதா? டிக்கெட் போட்டுத் தரவா?" என்றான் ஒருவன். "டிக்கெட் வாங்க முடியாதேப்பா, ரயிலை நிறுத்திட்டாளே. அதைத்தான் விடச் சொல்றேன்" என்றார் மாமா. கிண்டலே இல்லாமல் சொன்னார். அவர்களுக்கு அது கிண்டலாகப் பட்டது. அட்டையைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டார்கள்.

வீடியோ எங்களுக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்துவிட்டது. குழுவில் அதன் கீழே, 'இவர் நம் பில்டிங்கிலா இருக்கிறார்?' என்று யாரோ கேட்டிருந்தார்கள். இத்தனை வருஷமாகக் குடியிருந்தவரை அன்றைக்குத்தான் பார்த்தது போல.

ஞாயிற்றுக்கிழமை சேதுராமன் வீட்டில் அசோசியேஷன் கூட்டம். மாமா வாடகைக்காரர், வீட்டின் சொந்தக்காரர் அமெரிக்காவில். அவர் ஏற்கெனவே, "அசோசியேஷன் என்ன சொல்றாளோ அதுதான்" என்று சொல்லிவிட்டார். அதாவது மாமா இருப்பதா போவதா என்பது அந்தக் கூடத்தில் முடிவாக வேண்டும். எழுபதைத் தாண்டிய, மனைவியை இழந்த, தனி மனிதர். மயிலாப்பூரில் அந்த வயதில் தனியாளுக்கு இன்னொரு வீடு கொடுக்க எவன் இருக்கிறான்?

உள்ளே நுழைந்ததும் மாமா என் கையைக் கிள்ளினார். "சார், அங்க பாரும்!" சேதுராமனும் அண்ணாச்சியும் ஒரே சோபாவில், தோளோடு தோள் உரச உட்கார்ந்திருந்தார்கள். ஒரே தட்டிலிருந்து முறுக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள். "எத்தனை வருஷம் முயற்சி பண்ணியிருக்கேன்!" என்று மாமா பூரித்துப் போனார். தன்னை வீட்டை விட்டுத் துரத்தத்தான் அவர்கள் சேர்ந்திருக்கிறார்கள் என்பது அவருக்கு இரண்டாம்பட்சமாகத்தான் தோன்றியது.

"சார், இது குடும்பம் இருக்கற இடம்" என்று சேதுராமன் தொடங்கினார். "நாட்டுக்கு விரோதமா போர்டு பிடிக்கறவரை வச்சுண்டு, நாளைக்கு நாங்க யாருக்குப் பதில் சொல்றது?"

"நாட்டுக்கு விரோதமா ஒண்ணும் எழுதலையே சார். பேசுங்கோன்னுதானே எழுதினேன்?"

"அதாம்யா தப்புங்கேன்" என்றார் அண்ணாச்சி.

நான் எழுந்து மாமாவுக்காகப் பேசினேன். தண்ணீர் ஒழுகியதைச் சொன்னேன், பிளம்பர் வந்ததைச் சொன்னேன், மூன்றாம் மாடித் தம்பதியைப் பார்த்தேன். அவர்கள் முறுக்கைப் பார்த்தார்கள். "அது வேற, இது வேற" என்றார் சேதுராமன். கூடமே தலையாட்டியது. இந்த ஊரில் நியாயத்தைக் கழற்றி வைக்க இந்த ஒரு வாக்கியம் போதும்.

மாமா எழுந்தார். "சரி, நான் வெளிநடப்பு செய்யறேன்" என்றார். சிலர் சிரித்தார்கள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். நிதானமாக மடித்து, டீப்பாய் மேல் முறுக்குத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு சுவரைத் தடவிக்கொண்டே படியேறிப் போனார்.

அந்தக் கூடத்தில் இருந்த எல்லோருக்கும் அவருடைய சட்டம் தெரியும். அண்ணாச்சிக்குக் கார் சாவியோடு தெரியும். இனி அவர்கள் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. அந்தக் கண்ணாடியைத் தொடாமல் விட்டால் போதும், அவரே வருவார்.

"ஐயோ, கண்ணாடியை மறந்துட்டாரே" என்றார் சேதுராமன். வாட்ச்மேனைக் கூப்பிட்டார்.

"அது இங்கேயே இருக்கட்டும் சார்" என்றேன்.

"நன்னா இருக்கே! வயசானவர், கண்ணு தெரியாம எங்கயாவது விழுந்து வைக்கப் போறார்." அண்ணாச்சி கடைப் பழக்கத்தில் அதை ஒரு துணிப்பையில் போட்டுப் பத்திரமாகக் கொடுத்தார். வாட்ச்மேன் மேலே கொண்டு போய், "மறந்துட்டியே சார்" என்று மாமா கையில் வைத்தான். மாமா அவனுக்கு நன்றி சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

தெரிந்து செய்தார்களா, நிஜமாகவே அக்கறையில் செய்தார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டில் எது மோசம் என்றும் தெரியாது.

மாமா வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று முடிவானது. ராயப்பேட்டையில் கரீம் பாய் தன் வீட்டு மாடியை ஒழித்துக் கொடுத்தார். "வாடகையப் பத்திப் பேச்சுவார்த்தை வச்சின்னா கீழ தள்ளிடுவேன்" என்று நிபந்தனை போட்டார். சாமான் ஏற்ற வண்டி வந்த சாயங்காலம், டிவியில் செய்தி வந்தது. இரண்டு நாட்டு அதிகாரிகளும் டெலிபோனில் பேசிக்கொண்டார்களாம். சண்டை நின்றதாம். ஒரு டெலிபோன். அதற்கு முன்னால் செத்தவர்களுக்குத்தான் அது கேட்காது.

கட்டடமே கொண்டாடியது. அண்ணாச்சி லட்டு வாங்கி வந்து வீடு வீடாகக் கொடுத்தார். வாசலில் வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்த மாமாவுக்கும் ஒன்று கொடுத்தார். நானாக இருந்தால் அதை விட்டெறிந்திருப்பேன். மாமா வாங்கிக் கடித்து, "நெய் நன்னா இருக்கு" என்றார். பிறகு ஆர்வமாக, "யார் முதல்ல போன் பண்ணாளாம்?" என்று கேட்டார்.

"அவன்தான். பயந்துட்டான்லா!" என்றார் அண்ணாச்சி.

"அங்க, நாமதான் பண்ணோம்னு சொல்லிண்டிருப்பா" என்று மாமா என்னிடம் மெதுவாகச் சொன்னார். "சொல்லிக்கட்டும். ரெண்டு பேரும் ஜெயிச்சாத்தான் பேச்சுவார்த்தை நிலைக்கும்." அதைச் சொல்லும்போது அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். தன் மூட்டை முடிச்சு தெருவில் கிடக்கிறதே என்ற நினைப்பே இல்லை.

போன மாதம் அண்ணாச்சி பெரிய கார் ஒன்று வாங்கினார். அதன் வால் சேதுராமனின் ஜன்னலை மறைக்கிறது. டயரில் காற்று இறங்கியது, பூந்தொட்டி உடைந்தது, காவல் நிலையத்தில் இரண்டு பக்கமும் புகார் கொடுத்தாகிவிட்டது. நேற்று சேதுராமன் என்னை லிஃப்ட் வாசலில் பிடித்துக்கொண்டார். தொண்டையைக் கனைத்தார்.

"அந்தப் பேச்சுவார்த்தை மாமா இப்ப எங்க இருக்கார்? உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே?"

தெரியும். வெள்ளிக்கிழமைதான் பார்த்துவிட்டு வந்தேன். ராயப்பேட்டையில் அந்தத் தெருவையே கைக்குள் போட்டுக்கொண்டிருக்கிறார். கறிக்கடைக்கும் இஸ்திரி வண்டிக்கும் நடைபாதைத் தகராறு. முதல் கட்டம் முடிந்துவிட்டதாம். கொஞ்சம் இளைத்திருக்கிறார். எங்கள் கட்டடத்தில் எல்லோரும் சௌக்கியமா என்று பெயர் பெயராக விசாரித்தார். சேதுராமனின் பிரஷரைக்கூட விடவில்லை.

"தெரியாது சார்" என்றேன்.

முகவரி கொடுத்தால் சேதுராமன் போவார். கூப்பிட்டால் அந்த மனுஷன் அடுத்த நிமிஷமே கிளம்பி வந்துவிடுவார், ஒரு வார்த்தை பழசு பேச மாட்டார். அது எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் சொல்லவில்லை.